மனப்பாடம் வராத பிள்ளை பி.யு.சி.யில் உயிரியல் எடுக்கலாமா?

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பத்தாவதில் 88 சதவீதம். பி.யு.சி.யில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில், பி.சி.எம்.பி. (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்) எடுக்க ஆசைப்படுகிறாள். "பயாலஜி முழுக்க மனப்பாடம், உன் பொண்ணுக்கு அது வராது, பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடு" என்கிறாராம் கூட வேலை பார்ப்பவர். டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் இரண்டு வருடமும் வீண்தானா? நீட் பயிற்சியும் சேர்த்தே தரும் ஒரு கல்லூரி இந்த மாதமே முன்பணம் கேட்கிறது, கட்டிவிடலாமா?

நான் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊர் பி.யு. பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை கட்டாமல் இருங்கள்.

மனப்பாடமே இல்லை என்று சொன்னால் அது பொய். பெயர்கள் உண்டு, வரிசைகள் உண்டு, பூச்சிக்கு எத்தனை கால் என்பது போல எண்ணி வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகிறோம், இருநூறு பேர் இருக்கிறார்கள். இருநூறு பெயரையும் எழுதி வைத்து உருப்போடுகிறவர் யாராவது உண்டா? இவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், அப்படியானால் அந்த அம்மா மாமி, பக்கத்தில் நிற்பது அவர்கள் பெண் என்று ஒன்றைப் பிடித்து மற்றதைத் தெரிந்துகொள்கிறோம். உயிரியல் பாடப் புத்தகமும் அப்படிப்பட்ட ஒரு கல்யாண வீடுதான். உறவு தெரியாமல் பெயரை மட்டும் உருப்போடுகிற பிள்ளைதான் திணறும்.

ஓர் உதாரணம். இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஒரு கீழறையிலிருந்து சுமார் 70 மில்லி ரத்தம் வெளியேறுகிறது. ஒரு துடிப்புச் சுழற்சிக்கு 0.8 விநாடி. நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம். பிள்ளைகள் இவற்றை நான்கு தனித்தனி வரிகளாக அடிக்கோடு போட்டு வைத்திருப்பார்கள். 60ஐ 72ஆல் வகுத்தால் 0.83 வருகிறது. 72ஐ 70ஆல் பெருக்கினால் 5,040 மில்லி வருகிறது. நான்கு எண்ணில் 72, 70 இரண்டும் தெரிந்தால் மற்ற இரண்டும் தானே வந்துவிடும். அடுத்து சிறுநீரகப் பாடம். நிமிடத்துக்கு 1,100 முதல் 1,200 மில்லி ரத்தம் சிறுநீரகங்கள் வழியாக வடிகிறது. இது என்ன புது எண்? இதயம் அனுப்பிய அந்த 5 லிட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதிலிருந்து நிமிடத்துக்கு 125 மில்லி வடிநீர். 60, 24 என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 180 லிட்டர். ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போயிற்று என்று பிள்ளை தானே கேட்டுவிட்டால், மறு உறிஞ்சுதல் என்கிற அடுத்த பக்கம் பாதி புரிந்த மாதிரி. 99 சதவீதம் திரும்ப உடம்புக்குள் போகிறது என்பதைப் பிறகு மறக்கவே முடியாது.

டி.என்.ஏ.வும் இதே கதைதான். அது முறுக்கிய ஏணி மாதிரி, அதன் படிகள்தான் கார இணைகள். ஒரு இணைக்கும் அடுத்ததற்கும் 0.34 நானோமீட்டர் இடைவெளி. மனித செல் ஒன்றில் 660 கோடி இணைகள். பெருக்கினால் 2.2 மீட்டர். ஒரு ஆள் உயரத்தை விட நீளமான நூலை மைக்ரோமீட்டரில் அளக்கிற உட்கருவுக்குள் எப்படி அடைத்தார்கள் என்கிற கேள்விக்குப் பதில்தான் ஹிஸ்டோன் புரதமும் அதைச் சுற்றிய உருண்டைகளும். நூலை உருட்டிக் கண்டாக்கி வைப்பது நம் வீட்டிலும் நடப்பதுதானே. கேள்வி முதலில் வந்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் மகளுக்கு மனப்பாடம் வராது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. மனப்பாடம் நன்றாக வருகிற பிள்ளைகள்தான் முதல் பி.யு.சி.யில் 95 வாங்கிவிட்டு இரண்டாவதில் மரபியல் கணக்குக்கு முன்னால் கையைப் பிசைகிறார்கள்.

மரபியலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுவது அங்கேதான். மெண்டலின் பட்டாணியில் நெட்டைக்கும் குட்டைக்கும் 3:1 என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் உண்மையில் எண்ணியது 787 நெட்டை, 277 குட்டை. வகுத்தால் 2.84தான் வருகிறது, 3 வரவில்லை. இதைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு அமைதியாகிவிடும். "அப்போ மெண்டல் தப்பா மேடம்?" என்று ஒருவராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். நாணயத்தை நூறு தடவை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழ வேண்டும் என்று கட்டாயமா என்ன? விகிதம் என்பது வாய்ப்பு, வாக்குறுதி இல்லை. இது பிடிபடாவிட்டால் வாழ்க்கையிலும் தப்பு வரும். தாய் தந்தை இருவரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்திகள் (தமக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள்), முதல் குழந்தைக்கு நோய் வந்திருக்கிறது, அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். "நாலில் ஒன்றுதானே, அது முதலிலேயே வந்துவிட்டது, இனி மூன்று பேருக்குப் பயமில்லை" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே 25 சதவீதம்தான். கருவுக்கு அக்காவின் கணக்கு தெரியாது.

இந்த மரபியல் இரண்டாம் வருடப் பாடம். ஆனால் அது நிற்பது முதல் வருடத்தில் வருகிற மியாசிஸ் என்ற குன்றல் பிரிவின் மேல், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறைகிற செல் பிரிவு அது. முதல் பி.யு.சி. மதிப்பெண் பொதுத்தேர்வுக் கணக்கில் சேராது, கல்லூரி அளவில் முடிந்துவிடும். அதனால் பத்தாவதில் ஓடிய களைப்பைத் தீர்க்கிற வருடமாக அதைப் பிள்ளைகள் ஆக்கிவிடுகிறார்கள். நீட், கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான கே.சி.இ.டி. இரண்டிலும் இரண்டு வருடப் பாடமும் வரும். அதை விடுங்கள், மியாசிஸ் புரியாமல் மெண்டலைப் படிப்பது அரிசி களையாமல் உலை வைக்கிற கதை. உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்: முதல் வருடத்தைத் தூங்கிக் கழிக்காதே.

இப்போது வெங்காயம். செல் பிரிதலைப் பார்ப்பதற்கு ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனி எடுப்போம். பழைய காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்தால், நாலைந்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் நுனியை நறுக்கி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்ததில் ஒரு நாள் ஊற வைப்போம். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடாக்கி, கழுவி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, மை ஒற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அதிகம் அழுத்தினால் கண்ணாடி நொறுங்கும், குறைவாக அழுத்தினால் செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். விரலுக்குப் பழக மூன்று நான்கு தடவை ஆகும்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் முக்கால்வாசிப் பிள்ளைகள் சொல்வது, "ஸ்லைடு சரியில்லை மேடம், ஒண்ணுமே தெரியலை." தெரிகிறது. வரிசை வரிசையாகச் செல்கள், நடுவில் உருண்டையாகச் சிவந்த உட்கரு. புத்தகப் படத்தில் இருக்கிற மாதிரி குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அணிவகுத்து நிற்பதைக் காணோம், அதனால்தான் புகார். தேடு என்பேன். கண்ணாடியை இம்மி இம்மியாக நகர்த்திப் பத்து நிமிடம் கழித்து ஒருத்தி கத்துவாள், அந்த அணிவகுப்பு நிலையான மெட்டாஃபேஸ் கிடைத்துவிட்டது. புத்தகம் எல்லா நிலைகளையும் ஒரே அளவுப் பெட்டியில் அடுத்தடுத்து வரைந்து காட்டுகிறது. அதைப் பார்க்கிற பிள்ளை, செல் ஒவ்வொரு நிலையிலும் சம நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. மனித செல் ஒரு சுற்று முடிக்க எடுக்கும் 24 மணி நேரத்தில் பிரிவதற்கு ஆவது ஒரு மணி நேரம்தான், 95 சதவீதத்துக்கும் மேலான காலம் இன்டர்ஃபேஸ் என்கிற இடைநிலை என்று அதே புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை ஐம்பது தடவை படித்தவர்களுக்கும் அது என்னவென்று புரிவது அந்தப் பத்து நிமிடத் தேடலில்தான்.

செய்முறைக்கு 30 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 70. அந்த 30 எளிதாக வந்துவிடும் என்று நினைத்து ரெக்கார்டை அடுத்தவள் நோட்டிலிருந்து காப்பி அடிப்பது பழைய பழக்கம். படம் வரைவதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். பென்சிலைக் கூர்தீட்டி, புத்தகத்தை மூடிவிட்டு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகுழாயான நெஃப்ரானை வரையச் சொல்வேன். எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் புரியாத இடம் இருக்கிறது. தினம் ஒரு படம், புத்தகம் மூடியபடி. நான் தருகிற ஒரே வீட்டுப்பாடம் இதுதான்.

வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சமையலறையில் பாதிப் பாடம் இருக்கிறது. கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் மேலே ஒரு பச்சைத் தொப்பி இருக்கிறதே, பூ உதிர்ந்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் புல்லிவட்டம் அது. அந்தக் குடும்பத்தின் அடையாளமே அதுதான், மிளகாயிலும் பாருங்கள். தக்காளியைக் குறுக்கே நறுக்கினால் விதைகள் நடு அச்சைச் சுற்றி ஒட்டியிருக்கும். பட்டாணித் தோலைப் பிரித்தால் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். சூல் ஒட்டுமுறை என்று நான் வகுப்பில் எடுப்பது இதைத்தான். இளநீர் வெட்டும்போது மகளும் கூட நிற்கட்டும். நாம் குடிக்கிற தண்ணீரில் செல் சுவர் இல்லாமல் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சுவர் எழும்பினால் அது வழுக்கை. இரண்டும் வளரும் கருவுக்கு உணவாகிற முளைசூழ்தசைதான், ஒன்று சுவர் கட்டுவதற்கு முன், ஒன்று கட்டிய பின். பெங்களூர் டிசம்பரில் தோசை மாவு பொங்காமல் அடம்பிடிப்பதும், நொதிகளும் நுண்ணுயிரிகளும் குளிரில் மெதுவாக வேலை செய்யும் என்ற பாடம்தான். அதே மாவின் பெயர் இரண்டாம் வருடப் புத்தகத்திலும் வருகிறது.

வெளியே போனால் இன்னும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அல்சூர் ஏரி. 2016 மார்ச்சில் ஒரு நாள் காலை ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் மூச்சு முட்டிச் செத்தவை. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன்) என்கிற வறட்டுச் சொல்லை நான் இப்போது அந்த நாற்றத்தோடு சேர்த்துத்தான் நடத்துகிறேன். லால்பாகில் சைகஸ் மரத்தையும் அராகேரியாவையும் பார்க்கலாம், ஜிம்னோஸ்பெர்ம் என்கிற திறந்த விதைத் தாவரப் பாடத்துக்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம்.

மொழி பற்றிக் கொஞ்சம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறாள் என்பதற்காக ஆங்கிலத்தில்தான் யோசிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. படித்ததைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இலைத்துளை, சவ்வூடுபரவல், ஒளிச்சேர்க்கை என்ற சொற்களுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது, ஆங்கிலப் பெயர்களில் அது கிரேக்கத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். லத்தீன் பெயர்களைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்வது: மாமரத்தின் அறிவியல் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. அதில் முதல் எழுத்துகளாக உட்கார்ந்திருப்பது நம் மாங்காய்தான், போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போய் லத்தீன் வேடம் போட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

கணக்கை விட்டுவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பி.சி.எம்.பி. பாரம் அதிகம்தான், நான்கு பாடமும் கனம், கூடவே இரண்டு மொழி. ஆனாலும் கணக்கை விட வேண்டாம் என்பதே என் எண்ணம். பொறியியல் கதவு திறந்தே இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, முதல் வருடப் புத்தகத்தில் செல் பற்றிய பகுதிக்கு முன்னால் ஜி.என். ராமச்சந்திரன் படமும் வாழ்க்கைக் குறிப்பும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. தேர்வில் வராது என்று எல்லோரும் புரட்டிவிடுகிற பக்கம். சி.வி. ராமனிடம் இயற்பியல் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கொலாஜன் புரதத்தின் மூன்றிழை அமைப்பைக் கண்டு சொன்னவர், பிறகு 1971இல் இதே ஊர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தொடங்கியவர். புரதம் எந்தெந்தக் கோணத்தில் மடியலாம், எதில் மடிய முடியாது என்று அவர் போட்ட வரைபடத்தை உலகம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறது. அவ்வளவையும் செய்தது கணக்கு.

கூட வேலை பார்ப்பவர் சொன்னபடி கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்து, பிறகு மனம் மாறினால்? 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு தளர்வு தந்தது. பன்னிரண்டாவதுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். வழி இருக்கிறது, ஆனால் செய்முறையும் சேர்த்துத் தனியாகப் படித்து எழுதுவது சுலபம் இல்லை. ஆசை இருக்கிற பிள்ளையை அந்தச் சுற்றுவழியில் அனுப்ப வேண்டியதில்லை.

டாக்டர் கேள்விக்கு எண்களையே தருகிறேன். 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம், அதிலும் கட்டணம் கட்டுப்படியாகிற அரசு இடங்கள் பாதி அளவுதான். மொத்தம் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, தவறான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். எழுதட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அது ஒன்றுக்காக மட்டும் உயிரியல் எடுக்கிறாள் என்றால் வேண்டாம் என்பேன். இந்த ஊரில் உயிரியல் படித்தவருக்குப் போக இடமா இல்லை? ஹெப்பாளத்தில் கால்நடைக் கல்லூரி, பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகம், அதே வளாகத்தில் என்.சி.பி.எஸ். என்கிற ஆராய்ச்சி நிலையம். இந்திய அறிவியல் கழகத்தில் 2011 முதல் நான்கு வருட இளநிலை ஆராய்ச்சிப் படிப்பு நடக்கிறது. மருந்தியல், பிசியோதெரபி, செவிலியர் படிப்பு என்று பட்டியல் நீளும். பயோகான் இங்கேதான் 1978இல் ஒரு கார் கொட்டகையில், பப்பாளிப் பாலிலிருந்து பப்பேன் நொதி எடுத்துத் தொடங்கியது. ஒரு நடைமுறை விஷயம்: கர்நாடக ஒதுக்கீட்டில் இடம் கேட்க, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரைக்குள் ஏழு வருடம் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றுகளை இப்போதே வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். இடையில் தமிழ்நாட்டில் படிக்க வைத்த குடும்பங்கள் கடைசி மாதத்தில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி முன்பணம். என் அக்கா மகன் இப்படிப் பயிற்சியோடு சேர்ந்த ஒரு கல்லூரியில்தான் படித்தான். பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஏழரைக்கு வருவான். வாராவாரம் தேர்வு, வாராவாரம் தரவரிசை, அப்பாவின் செல்போனுக்குச் செய்தி. இரண்டாம் வருடம் ஜனவரியில் ரெக்கார்டு நோட்டைக் கொண்டு வந்து என்னிடம் காட்டினான். பதினைந்து செய்முறைக்கும் கையெழுத்து விழுந்திருந்தது. வெங்காய வேர்நுனிக்கும்தான். "எத்தனை குரோமோசோம்டா பார்த்தே?" என்று கேட்டேன். "பதினாறு சித்தி" என்றான், சரியான விடை. "நுண்ணோக்கியில ஃபோகஸ் பண்றது எந்தத் திருகு?" என்றேன். பேசவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவனை ஆய்வகத்துக்குள் விடவில்லை. அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அவனுக்கு ஸ்லைடு போடக் கற்றுக்கொடுத்தேன். எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போங்கள். தரவரிசைப் பலகையைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உயிரியல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சாவியைத் தேடுகிறார்களா, திறந்தே இருக்கிறதா பாருங்கள். உள்ளே எத்தனை நுண்ணோக்கி, மேலே தூசி இருக்கிறதா, வாரத்தில் எந்த நாள் எந்த வகுப்புக்குச் செய்முறை என்று சுவரில் எழுதியிருக்கிறதா, தொட்டியில், செய்முறைக்கு இலை எடுக்கிற ரியோ செடியாவது ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றை ஓரமாகக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது லேபுக்குப் போனாய் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். போன வாரம் என்று பதில் வந்தால் கட்டுங்கள்.